காணிக்கைப் பையும் கடன்பாக்கியும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: படுத்த படுக்கையாக இருக்கும் என் தாயை மூன்று ஆண்டுகளாக நான் ஒருவனே கவனித்துக்கொள்கிறேன். ஞாயிறு ஆராதனைக்குப் போய் ஒன்றரை ஆண்டு ஆகிறது. 'பின்வாங்கிப்போய்விட்டான்' என்று சபையில் பேசிக்கொள்கிறார்களாம். உண்மையிலேயே நான் பின்வாங்கிவிட்டேனா, ஐயா?

பதில்: அப்படிப் பேசுகிறவர்களில் யாராவது ஒருவர், 'ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் அம்மாவின் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன், நீ ஆலயத்துக்குப் போய்விட்டு வா' என்று உங்கள் வாசலில் வந்து நின்றாரா? நின்றிருந்தால் அதை எழுதாமல் விட்டிருக்கமாட்டீர்கள். ஆகவே இந்தக் கேள்வி அவர்களுக்குப் போகவேண்டியது. முகவரி தவறி உங்களிடம் வந்துவிட்டது.

பவுல் கடுமையாக எழுதக்கூடியவர்தான். 'விசுவாசத்தை மறுதலித்தவனும், அவிசுவாசியிலும் கெட்டவனும்' என்று அவர் சாடியது யாரை என்று 1 தீமோத்தேயு 5:8-ஐப் புரட்டிப் பாருங்கள். ஆராதனைக்கு வராதவனை அல்ல, தன் வீட்டாரை விசாரியாதவனை.

மாற்கு 7-இல் 'கொர்பான்' என்ற ஒரு சொல் வருகிறது. பெற்றோருக்குக் கொடுத்து உதவவேண்டியதை 'இது தேவனுக்கென்று நேர்ந்துவிட்டது' என்று சொல்லிவிட்டால் மகன் தப்பித்துக்கொள்ளலாம் என்று அந்தக் காலத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. கணக்கு எழுதிப் பிழைத்தவன் என்பதால் எனக்கு இந்தத் தந்திரம் சட்டென்று பிடிபடும். ஒரு தலைப்பில் நிற்கும் கடனை வேறு தலைப்புக்கு மாற்றி எழுதினால் கடன் தீர்ந்ததுபோலத் தோன்றும், தீர்ந்திருக்காது. இயேசு அந்தப் பதிவைக் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டார். நீங்கள் கடனை, அது யாருக்குச் சேரவேண்டுமோ அவரிடமே நாள்தோறும் செலுத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

திருவிருந்தை வீட்டுக்குக் கொண்டுவரும்படி ஆயரிடம் கேளுங்கள். தயங்கவேண்டாம், இது சலுகை அல்ல. சுமார் கி.பி. 155-இல் ரோமாபுரியில் ஜஸ்டின் என்பவர், கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடி என்ன செய்கிறார்கள் என்று பேரரசருக்கு விளக்கி எழுதினார். வரமுடியாதவர்களுக்கு அவர்கள் பங்கை உதவிக்காரர்கள் எடுத்துச் செல்கிறார்கள் என்று அதிலேயே இருக்கிறது.

இன்னொன்று. தூக்கம் கெட்ட இரவில் அம்மாவிடம் எரிந்துவிழுந்திருப்பீர்கள். நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் நடந்திருக்கும். அதற்கு மன்னிப்பை அம்மாவிடமே கேளுங்கள். அவர்களுக்குப் புரிகிறதா இல்லையா என்று பார்க்கவேண்டாம், காதருகில் போய்ச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: புதிதாக மளிகைக் கடை தொடங்குகிறேன். சுவரில் வேதவசனம் எழுதிவைக்க ஆசை. எந்த வசனம் எழுதலாம்?

பதில்: நீதிமொழிகள் 11:1. 'கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது; சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்.' தராசுக்கு நேர்மேலே, வாடிக்கையாளர் கண்ணில் படும்படி பெரிய எழுத்தில் எழுதுங்கள். இந்த வசனம் தொங்கும் கடையை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. 'கர்த்தர் என் மேய்ப்பர்' எல்லாக் கடையிலும் இருக்கிறது.

கேள்வி: சபைக்குப் புதிய ஒலிபெருக்கி வாங்கலாமா என்று சென்ற இதழில் ஒரு பொருளாளர் கேட்டிருந்தார். 'முதலில் உங்கள் சம்பளப் பதிவேட்டைக் காட்டுங்கள்' என்று பதில் சொன்னீர்கள். ஏன் ஐயா இவ்வளவு காரம்? யாராவது உங்களை நோகடித்துவிட்டார்களா?

பதில்: என்னை யாரும் நோகடிக்கவில்லை. நோகடித்தவன் நான். கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன்.

19 ஆண்டுகள் ஒரு சபைக்குப் பொருளாளராக இருந்தேன். எந்தச் சபை என்பது வேண்டாம். பேரேட்டில் ஒரு காசு பிசகியதில்லை. ரசீது இல்லாமல் ஒரு மெழுகுவத்திக்குக்கூடப் பணம் கொடுத்ததில்லை. எந்த வவுச்சரிலும் இரண்டு கையெழுத்து இருக்கவேண்டும், ஒன்று என்னுடையது, மற்றொன்று செயலாளருடையது. இந்த விதியைக் கொண்டுவந்ததும் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

1991-ஆம் ஆண்டு ஈஸ்டர் மார்ச் 31-ஆம் தேதி வந்தது. மாதத்தின் கடைசி வேலைநாள் பெரிய வியாழன், 28-ஆம் தேதி. ஆலயத்தைப் பெருக்கித் துடைக்கும் அம்மாவுக்கு அன்றைக்குச் சம்பளம். கவரில் பணத்தை எண்ணிப் போட்டு, மேலே பெயர் எழுதி, மேசை இழுப்பறையில் வைத்துவிட்டேன். செயலாளர் வெளியூர் போயிருந்தார். வவுச்சரில் அவர் கையெழுத்து இல்லை. அதே வாரத்தில் பீட அலங்காரப் பூக்களுக்கும் பாடகர் குழுவின் புதிய அங்கிகளுக்கும் பணம் கொடுத்தாகிவிட்டது. அவற்றை 'அவசரம்' என்று முன்கூட்டியே கையெழுத்து வாங்கிவைத்திருந்தேன்.

அன்று மாலை பாதம் கழுவும் ஆராதனை. ஆயர் மண்டியிட்டுப் பன்னிரண்டு பேருடைய பாதங்களைக் கழுவினார். பன்னிரண்டில் ஒருவன் நான். வெந்நீர் இதமாக இருந்தது. ஆயர் துவாலையால் என் கால்விரல்களுக்கு நடுவே துடைத்தபோது கண் கலங்கிவிட்டது. பொய் சொல்லவில்லை, உண்மையாகவே கலங்கியது. அந்த வெந்நீரைக் காய்ச்சி இரண்டு வாளிகளில் தூக்கிக்கொண்டுவந்து வைத்தவர் அந்த அம்மா. எல்லாரும் போனபின் தரையில் சிந்திய தண்ணீரைத் துணியால் ஒற்றிப் பிழிந்துகொண்டிருந்தவரும் அவர்தான். நான் விளக்கை அணைக்கப் போனபோது எழுந்து நின்றார்.

"ஐயா, கவர்?"

"செயலாளர் கையெழுத்து இல்லையம்மா. பண்டிகை முடியட்டும், பார்க்கலாம்."

"சரி, ஐயா."

அவ்வளவுதான் பேச்சு. மீண்டும் குனிந்து துடைக்கத் தொடங்கிவிட்டார். இழுப்பறைச் சாவி என் சட்டைப்பையில் இருந்தது.

ஞாயிறு விடியற்கால ஆராதனைக்காக நள்ளிரவு தாண்டியதுமே வந்து பெருக்கியிருந்தார். திங்கட்கிழமை விடுமுறை. செவ்வாய்க்கிழமை, ஏப்ரல் 2-ஆம் தேதி, கையெழுத்தெல்லாம் முறைப்படி வாங்கிக் கவரைக் கொடுத்தேன். பதிவேட்டை நீட்டினேன். சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்களால் பேனாவைப் பிடித்துக்கொண்டு, "என்ன தேதி போடட்டும், ஐயா?" என்று கேட்டார்.

"மார்ச் 28 என்றே போட்டுவிடுங்கள்" என்றேன்.

மாதக் கணக்கு அந்த மாதத்திலேயே முடியவேண்டுமே! தணிக்கையில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ரொக்கப் புத்தகத்தை இப்போது எடுத்துப் பார்த்தாலும் மார்ச் 28 என்றுதான் இருக்கும். அவர் எழுத்தில் என் பொய்.

ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாக்கோபு நிருபம் ஐந்தாம் அதிகாரத்தை வாசிக்கும் முறை எனக்கு வந்தது. 'இதோ, உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது.' நல்ல குரல் எனக்கு. ஏற்ற இறக்கத்தோடு வாசித்துவிட்டு நிமிர்ந்தால், கடைசி வாசலருகே துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. தலை குனிந்து வசனத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆராதனை முடிந்ததும் 'நன்றாக வாசித்தீர்கள்' என்று நாலைந்து பேர் கைகுலுக்கினார்கள்.

அன்று மதியமே அவர் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைத் தொடங்குவதற்குள் அவரே, "ஐந்து நாள்தானே ஐயா, அதைப் போய் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்களே" என்றார். நான் எண்ணிக்கூடப் பார்த்திருக்கவில்லை, அவர் எண்ணியிருந்தார். "அந்த ஐந்து நாளும் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கினேன். வட்டி கேட்கவில்லை. நல்ல மனிதர்கள். நம் வேதக்காரர்கள் இல்லை" என்றார்.

அடுத்த மாதத்திலிருந்து சம்பள வவுச்சர்களுக்கு 20-ஆம் தேதியே கையெழுத்து வாங்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தேன். கூலிக்காரனின் கூலி பொழுது விடியும்வரை உன்னிடம் தங்கக்கூடாது என்று லேவியராகமம் 19-இல் இருக்கிறது. உபாகமம் 24 இன்னும் நெருக்கிப் பிடிக்கிறது: சூரியன் அஸ்தமிக்கும் முன்னே கொடுத்துவிடு, ஏனெனில் அவன் ஏழை, அதை நம்பியிருக்கிறான். ஒலிபெருக்கி வாங்கட்டும், ஐயா. பதிவேட்டைக் காட்டிவிட்டு வாங்கட்டும்.

கேள்வி: அப்படியானால் சடங்குகளே வேண்டாம் என்கிறீர்களா? திருவிருந்து, உபவாசம், காணிக்கை எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சமூகசேவை செய்தால் போதுமா?

பதில்: நான் அப்படிச் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் இன்றும் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

மத்தேயு 23:23-இல் இயேசு பரிசேயரைக் கடிந்துகொள்கிறார்: ஒற்தலாமிலும் வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் செலுத்துகிறீர்கள், நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்கள். (ஒற்தலாம் என்றால் என்ன என்று ஞாயிறு பள்ளி ஆசிரியரைக் கேட்டு அடி வாங்காத குறை. அது புதினா வகைக் கீரை.) சமையலறைச் செடிகளில் பத்தில் ஒரு இலையைக் கிள்ளி எடுத்துவைக்கும் கணக்காளரை நினைத்துப் பாருங்கள். எனக்கு அவரை நன்றாகத் தெரியும், கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வசனத்தின் கடைசி வரியைப் பலர் வாசிப்பதில்லை: 'இவைகளையும் செய்யவேண்டும், அவைகளையும் விடாதிருக்கவேண்டுமே.' புதினாவைத் தூக்கி எறியச் சொல்லவில்லை அவர்.

கொரிந்து சபையின் திருவிருந்தைப் பற்றிப் பவுல் கொதித்தது எதனால்? அப்பத்தைத் தவறாகப் பிட்டார்கள் என்பதாலா, மந்திரம் மாறிப்போனது என்பதாலா? கைநிறையக் கொண்டுவந்தவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள், இல்லாதவர்கள் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் குடித்து வெறியாயிருக்கிறான் என்று எழுதிவிட்டு, நீங்கள் சாப்பிடுவது கர்த்தருடைய விருந்தே அல்ல என்கிறார். சடங்கு ஒரு குறையும் இல்லாமல் நடந்திருக்கலாம். மேசையின் ஓரத்தில் ஒருவன் பசியோடு நின்றதால் அது செல்லாமல்போய்விட்டது.

முதல் பதிலில் சொன்ன ஜஸ்டின் அதே பகுதியில் காணிக்கையைப் பற்றியும் சொல்கிறார். வசதி உள்ளவர்கள் விருப்பப்பட்டதைக் கொடுப்பார்கள். அது தலைவரிடம் சேரும். அதிலிருந்து அனாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், அந்நிய ஊரிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள் ஆகியோரை அவர் பராமரிப்பார். வேதவாசிப்பு, பிரசங்கம், ஜெபம், அப்பம், பிறகு இது. எல்லாம் ஒரே மூச்சில் வருகிறது. ஆராதனை இங்கே முடிந்தது, சேவை இங்கே தொடங்கியது என்று அவர் கோடு கிழிக்கவே இல்லை. கோடு கிழித்தவர்கள் பின்னால் வந்த நாம்தான்.

கேள்வி: 'உங்களுக்காக ஜெபிக்கிறேன்' என்று பலரிடம் சொல்லிவிட்டு மறந்துவிடுகிறேன். குற்றவுணர்ச்சியாக இருக்கிறது.

பதில்: சொன்ன இடத்திலேயே, சொன்ன நிமிடத்திலேயே ஜெபித்துவிடுங்கள். நின்றபடி இரண்டு வரி போதும். முடித்தபின், 'வேறு ஏதாவது வேண்டுமா?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். பெரும்பாலும் வேண்டியிருக்கும். அதனால்தான் நாம் அதைக் கேட்பதில்லை.

கேள்வி: நீங்கள் நற்கிரியைகளைப் பற்றியே பேசுகிறீர்கள். கிருபையினாலே அல்லவா இரட்சிப்பு? எபேசியர் 2:8, 9-ஐ மறந்துவிட்டீர்களா?

பதில்: மறக்கவில்லை. நீங்கள் 10-ஆம் வசனத்தை மறந்துவிட்டீர்கள். 'நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டு' என்று அது தொடர்கிறது. எட்டையும் ஒன்பதையும் மனப்பாடம் செய்யச் சொன்னவர்கள் ஒன்பதோடு ஏன் நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை.

யாக்கோபின் நிருபத்தை 'வைக்கோல் நிருபம்' என்று 1522-இல் மார்ட்டின் லூத்தர் எழுதினார். இதை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே ஆண்டு ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில் அதே லூத்தர், விசுவாசம் உயிருள்ளது, ஓயாமல் வேலை செய்வது, நற்செயல் செய்யவேண்டுமா என்று அது கேட்டுக்கொண்டிருப்பதில்லை, கேள்வி வருமுன்பே செய்து முடித்திருக்கும் என்றார். இதை மேற்கோள் காட்டுவோர் குறைவு.

கிருபையைப் பற்றி எனக்குப் புரிந்த கணக்கு மத்தேயு 18-இல் இருக்கிறது. ராஜாவிடம் ஒருவன் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருந்தான். தீர்க்க வழியில்லை. ராஜா முழுவதையும் தள்ளுபடி செய்தார். அவன் வெளியே வந்ததும், தன்னிடம் நூறு வெள்ளிப்பணம் வாங்கிய சக ஊழியனின் தொண்டையைப் பிடித்தான். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி, ஒரு தாலந்து ஆறாயிரம் வெள்ளிப்பணம். பெருக்கிப் பார்த்தேன். தள்ளுபடி ஆனது 6 கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் வேலை என்று வைத்தால் 2 லட்சம் ஆண்டுகள் உழைக்கவேண்டும். அவனுக்கு வரவேண்டியது 100 நாள் கூலி. 6 லட்சத்தில் ஒரு பங்கு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நூறு நாள் கூலி சில்லறைக் காசு அல்ல. நான்கு மாத உழைப்பு. யாராவது அதை என்னிடம் வாங்கித் திருப்பிக் கொடுக்காவிட்டால் எனக்கும் தூக்கம் வராது. 'சின்ன விஷயம்தானே, மன்னித்துவிடு' என்று அந்தக் கதை சொல்லவில்லை. வலிக்கிற தொகையைத்தான் விடச் சொல்கிறது. கிருபையால் கடன் தள்ளுபடியானவன் நான் என்று சாட்சி சொல்கிறவர்களிடம் நான் கேட்க விரும்புவது இதுதான்: உங்களிடம் கடன்பட்டவரின் தொண்டையிலிருந்து கையை எடுத்துவிட்டீர்களா?

கேள்வி: என் கணவர் ஜெபக்குழுத் தலைவர். வெளியில் உருக்கமாக ஜெபிப்பார், வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருப்பார். வீட்டில் கை நீட்டுகிறார். 'சிலுவையைச் சுமந்துகொள்' என்கிறார்கள் சபைப் பெரியவர்கள்.

பதில்: அம்மா, அந்தப் பெரியவர்கள் சொல்வது தவறு. அடி வாங்குவது உங்களுக்கு இடப்பட்ட சிலுவை அல்ல. ஏசாயா 58-ஆம் அதிகாரம் உபவாசத்தையும் ஓங்கிய முஷ்டியையும் ஒரே வசனத்தில் சேர்த்துவைத்து, இப்படிப்பட்ட உபவாசம் உன்னதத்துக்கு எட்டாது என்கிறது. மனைவிக்குச் செய்யவேண்டிய கனத்தைச் செய்யுங்கள், இல்லாவிட்டால் 'உங்கள் ஜெபங்களுக்குத் தடை' வரும் என்று 1 பேதுரு 3:7 புருஷர்களுக்குச் சொல்கிறது. ஊருக்கு உபதேசம் செய்கிறவருக்கு இந்த வசனம் தெரியாமல் இருக்காது.

ஆனால் வசனத்தைக் காட்டி அவரைத் திருத்தும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளவேண்டாம். முதலில் உங்கள் பாதுகாப்பைப் பாருங்கள். நம்பகமான உறவினரிடமோ தோழியிடமோ இன்றைக்கே சொல்லுங்கள். போலீசிடம் போவது விசுவாசக் குறைவு ஆகாது. இதை மன்னிப்போடு குழப்பிக்கொள்ளவேண்டாம். மன்னிப்பைப் பிறகு, பத்திரமான இடத்தில் உட்கார்ந்து யோசிக்கலாம்.

கேள்வி: ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வராத சரக்கை வந்ததாகக் கையெழுத்துப் போடச் சொன்னார் மேலாளர். போன மாதம் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து ஜெபிக்க வாய் எழவில்லை. வேலையை விட்டுவிடவேண்டுமா?

பதில்: தம்பி, நம் தொழில்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஜான் உல்மன், 1720-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிறந்தவர், குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர். இளம் வயதில் ஒரு கடையில் கணக்கும் பத்திரமும் எழுதும் வேலை பார்த்தார். ஒருநாள் முதலாளி, தன்னிடமிருந்த கறுப்பின அடிமைப் பெண்ணை விற்றுவிட்டதாகச் சொல்லி, விற்பனைப் பத்திரம் எழுதச் சொன்னார். வாங்கியவர் அங்கேயே காத்திருந்தார், அவரும் அதே சபையைச் சேர்ந்த முதியவர். உல்மனுக்கு உள்ளம் கூசியது. ஆண்டுக் கணக்கில் அமர்த்தப்பட்ட வேலை, சொல்வது முதலாளி, வாங்குவது சபைப் பெரியவர் என்றெல்லாம் சமாதானம் சொல்லிக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

எழுதினார் என்பதுதான் எனக்கு முக்கியம். பரிசுத்தவான்களின் கதைகளில் இந்தப் பகுதியை வெட்டிவிடுவார்கள். அவர் தன் நாட்குறிப்பில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். எழுதிக் கொடுத்தபின், அடிமை வைத்திருப்பது கிறிஸ்தவ மார்க்கத்துக்கு ஒவ்வாதது என்று தாம் நம்புவதாக இருவர் முன்னிலையிலும் சொன்னார். சொன்னது கொஞ்சம் ஆறுதலாக இருந்தாலும், எழுதவே மறுத்திருக்கவேண்டும் என்ற உறுத்தல் போகவில்லை. அடுத்தமுறை வேறொருவர் இப்படிப்பட்ட பத்திரத்துக்காக வந்தபோது மறுத்துவிட்டார். பிற்காலத்தில் உயில் எழுதிக் கொடுத்தபோதும், அடிமைகளைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பகுதியை மட்டும் எழுதமாட்டேன் என்றார். ஒருமுறை அப்படி மறுத்து உட்கார்ந்து பேசியபின், உயில் எழுத வந்தவர் அடிமைக்கு விடுதலை கொடுக்கச் சம்மதித்தார். உல்மன் உயிலை எழுதி முடித்தார். அடிமை வைத்திருந்தவர் வீட்டில் தங்க நேர்ந்தால், தமக்குப் பணிவிடை செய்த அடிமைகளுக்குக் கூலி கொடுத்துவிட்டு வருவார். அவர் 1772-இல் இறந்தார். அடிமை வைத்திருப்பவர் இனி உறுப்பினராக இருக்கமுடியாது என்று பிலடெல்பியா குவேக்கர் ஆண்டுக்கூட்டம் 1776-இல் தீர்மானித்தது. பேனாவைக் கீழே வைத்த ஒரு கணக்கருக்கும் அதில் பங்கு உண்டு.

இனி உங்கள் விஷயம். ஓய்வூதியத்தில் உட்கார்ந்துகொண்டு 'வேலையை விடு' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த ரசீது வரும்போது 'சரக்கு வந்து சேரவில்லை' என்று அதிலேயே எழுதித் தேதி போடுங்கள். போன மாதம் போட்ட கையெழுத்து தவறு என்பதை எழுத்தில் கொடுத்து, நகலை வீட்டில் வையுங்கள். அதனால் வேலை போகக்கூடும், போகாது என்று நான் ஏமாற்றமாட்டேன். இன்று மாலையிலிருந்தே வேறு இடம் தேடத் தொடங்குங்கள். ஜெபிக்க வாய் எழவில்லை என்றீர்களே, அந்தக் கடிதத்தை எழுதும்போது எழும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: இயேசுவின் பெயரைச் சொல்லாமல் உதவி மட்டும் செய்தால் அது சாட்சி ஆகுமா?

பதில்: 362-இல் ரோமப் பேரரசர் ஜூலியன், கலாத்தியா நாட்டுப் பிரதான பூசாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவத்தை விட்டு விலகிப் பழைய தெய்வ வழிபாட்டை மீண்டும் நிலைநாட்ட முயன்றவர் அவர். கிறிஸ்தவர் என்றுகூடச் சொல்லமாட்டார், 'கலிலேயர்' என்பார். இவர்கள் ஏன் இப்படிப் பெருகுகிறார்கள் என்று யோசித்து அவர் சொன்ன காரணங்கள்: அந்நியரிடம் காட்டும் பரிவு, இறந்தவர்களை அடக்கம் செய்வதில் காட்டும் அக்கறை, அவர் பார்வையில் வெறும் நடிப்பான ஒழுக்க வாழ்க்கை. அவர்கள் தங்கள் ஏழைகளை மட்டுமல்ல, நம் ஏழைகளையும் ஆதரிக்கிறார்கள், இது நமக்கு வெட்கம் என்று எழுதி, ஊர்தோறும் சத்திரம் கட்டச் சொன்னார். பட்டியலில் பிரசங்கம் இல்லை, பாட்டு இல்லை.

பெயரைச் சொல்லாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்டால் சொல்லுங்கள். கேட்கும்படி ஏதாவது செய்திருக்கிறோமா என்பதுதான் என் கவலை. சோற்றுப் பொட்டலத்தோடு துண்டுப்பிரசுரத்தைத் திணிக்கும்போது, வாங்குகிறவர் அதற்கும் சேர்த்து விலை கொடுத்ததாகவே உணர்வார்.

கேள்வி: வயது எழுபத்தெட்டு. முழங்கால் வலியால் வெளியே போகமுடிவதில்லை. பிரசங்கம் செய்யவும் தெரியாது, பணமும் இல்லை. என்னால் இனி என்ன ஆகும், தம்பி?

பதில்: அக்கா, அப்போஸ்தலர் 9-இல் வரும் தொற்காளை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் பேசியதாக ஒரு வார்த்தைகூட வேதத்தில் இல்லை. அவள் இறந்தபோது விதவைகள் பேதுருவைச் சூழ்ந்து அழுதுகொண்டே காட்டியது, அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும். அவளுடைய சாட்சிப் புத்தகம் அவ்வளவுதான், துணியும் நூலும்.

17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் மடம் ஒன்றில் லாரன்ஸ் என்ற சகோதரர் இருந்தார். போரில் காயம்பட்டுக் கால் ஊனமானவர். சமையலறை வேலை கொடுத்தார்கள். அவருக்குப் பிடிக்காத வேலை அது. பிறகு செருப்புத் தைக்கச் சொன்னார்கள். பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும், முழங்காலில் நிற்கும்போது இருப்பதுபோலவே தேவனோடு இருக்கமுடிகிறது என்பது அவர் அனுபவம். உங்களுக்கு முழங்காலில் நிற்கவும் முடியாது, நிற்கவேண்டாம். உங்களைப்போலவே வெளியே போகமுடியாமல் தனியாக இருக்கும் யாராவது ஒருவருக்குத் தினமும் ஒரே நேரத்தில் தொலைபேசியில் பேசுங்கள். ஒரே நேரம் என்பது முக்கியம், அவர்கள் அந்த நேரத்துக்காகக் காத்திருப்பார்கள்.

கேள்வி: பல ஆண்டுகளுக்கு முன் என் அண்ணனோடு கூட்டாகச் செய்த தொழிலில், அவருக்குத் தெரியாமல் ஒரு தொகையை எடுத்துக்கொண்டேன். அவருக்கு இன்றுவரை தெரியாது. கண்ணீரோடு பாவமன்னிப்புக் கேட்டுவிட்டேன். மனம் ஆறாததால், அந்தத் தொகையைச் சபைக் கட்டட நிதிக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். சரியா?

பதில்: சரியில்லை. அது அண்ணன் பணம். அவர் பணத்தில் நீங்கள் எப்படிக் காணிக்கை போடமுடியும்?

லேவியராகமம் 6-ஐ வாசியுங்கள். அபகரித்தவன் முதலை முழுவதுமாகத் திருப்பிக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, உரியவனிடம் கொடுக்கவேண்டும். அதன் பிறகுதான் பலிக்கு ஆட்டுக்கடாவைக் கொண்டுவரவேண்டும். வரிசையைக் கவனியுங்கள். உரியவன் உயிரோடு இல்லாவிட்டால்? எண்ணாகமம் 5 அதற்கும் வழி சொல்கிறது. வாங்கிக்கொள்ள அவனுடைய இனத்தான் ஒருவனும் இல்லாவிட்டால்தான் அது ஆசாரியனைச் சேரும். உங்கள் அண்ணன் உயிரோடு இருக்கிறார். கட்டட நிதி இந்த வரிசையில் எங்கும் வரவில்லை.

லூக்கா 19-இல் வரும் வரி வசூலிப்பவன் சகேயு, நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான். உங்களிடம் நான் அவ்வளவு கேட்கவில்லை. தொகையை ஒரு தாளில் எழுதுங்கள். ஐந்தில் ஒன்றைக் கூட்டுங்கள். ஒரே தடவையில் முடியாவிட்டால் தவணையில் கொடுக்கலாம், ஆனால் முதல் தவணையை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். எதற்கான பணம் என்பதைச் சொல்லிக் கொடுங்கள். 'பழைய கணக்கில் ஒரு வித்தியாசம் வந்தது' என்று பூசி மெழுகவேண்டாம், 'எடுத்தேன்' என்று சொல்லுங்கள். அண்ணன் கோபப்படலாம், அண்ணி பேசாமல் எழுந்து போய்விடலாம். உட்கார்ந்திருங்கள்.

போய்விட்டு வந்து எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். ஒன்று மட்டும், அண்ணனிடம் ரசீது கேட்டுவிடாதீர்கள்.